மார்கழிப் புகை: புகைபோக்கி வைத்தால் மட்டும் தெரு தெளியுமா?

கேள்வி இதுதான்: கும்பகோணத்தை ஒட்டிய கிராமம். மார்கழி, தை இரண்டு மாதமும் விடியற்காலையில் தெருவில் புகை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அநேகமாக எல்லார் வீட்டிலும் கேஸ் இருக்கிறது. ஆனாலும் குளிக்க வெந்நீர், நெல் அவிப்பது, விசேஷச் சமையல் என்றால் கொல்லையில் விறகடுப்புதான். அம்மாவுக்கு வீசிங் தொல்லை. வீட்டுக்கு வீடு புகைபோக்கி வைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

சரியாகாது. புகைபோக்கி வைத்தால் அடுப்படி தப்பிக்கும், தெரு தப்பிக்காது. அடுப்படிக்குள் சுற்றிய புகை கூரைக்கு மேலே போய், அங்கிருந்து தெருவுக்கு இறங்கும், அவ்வளவுதான். தெருவும் தெளிய வேண்டுமென்றால் புகையே உண்டாகாத மாதிரி எரிக்க வேண்டும். அது நடக்கிற காரியம்தான். அதற்குப் புது அடுப்பைவிடக் காய்ந்த விறகும், பற்றவைக்கிற முறையும், பற்றவைக்கிற நேரமும் முக்கியம்.

முதலில் நேரம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வானம் வெளுத்ததும் இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் அதோடு குளிர்ந்து கனத்துவிடும். அதற்கு மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக இருப்பதால் கீழ்க்காற்று மேலே ஏற முடியாது. சுற்றிலும் தண்ணீர் நிற்கும் வயல், பனி, அசையாத காற்று எல்லாம் சேர்ந்து ஊரின் மேல் ஒரு மூடி விழுந்ததுபோல் ஆகிவிடும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான், ஏறக்குறைய எட்டரை, ஒன்பது மணிக்கு, அந்த மூடி திறக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மறுபடி விழும். மார்கழியில் நாம் அடுப்பு மூட்டுவது எப்போது? நாலரை, ஐந்து மணிக்கு. இருக்கிற 24 மணி நேரத்தில் புகைக்கு ஆகவே ஆகாத நேரம் அது. அதே விறகைப் பங்குனியில் மத்தியானம் எரித்தால் யாருக்கும் தெரியாது.

ஒரு குத்துமதிப்புக் கணக்கு போடலாம். ஒரு கிலோ விறகைச் சாதாரண அடுப்பில் எரித்தால் சுமார் 5 கிராம் நுண்துகள் வெளியே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விறகு ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். 50 வீட்டில் வீட்டுக்கு ஒரு கிலோ எரித்தால் 250 கிராம். இந்த 50 வீடும் 200 மீட்டருக்கு 200 மீட்டர் இடத்தில் இருந்து, காற்று அசையாமல், புகை 20 மீட்டர் உயரத்துக்குள்ளேயே அடைந்து கிடந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் 300 மைக்ரோகிராமுக்கு மேல் வரும். 24 மணி நேரச் சராசரியாக நம் நாட்டில் பிஎம் 2.5 துகளுக்கு, அதாவது 2.5 மைக்ரானுக்கு மிகாத நுண்துகளுக்கு, அனுமதித்த அளவு 60. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15. நிஜத்தில் கொஞ்சம் காற்று ஓடும், அளவு குறையும். ஆனால் வீட்டுக்கு ஒரு கிலோ விறகு, அதாவது வீட்டுக்கு ஒரு அண்டா வெந்நீர், ஒரு தெருவை என்ன செய்யும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

புகை என்பது எரியாமல் தப்பிய விறகு

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடு பட்டதும் முதலில் ஈரம் ஆவியாகும். அப்புறம் கட்டை வெந்து வாயுவாகக் கக்கும். காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி வாயுவாகத்தான் வெளியே வருகிறது. போதுமான சூடும் காற்றும் இருந்தால் அந்த வாயு பற்றிக்கொள்ளும். நாம் பார்க்கிற சுடர் அதுதான். சூடு போதாவிட்டால் அதே வாயு குளிர்ந்து, தார்த் துளிகளாக உறைந்து, வெள்ளைப் புகையாக வெளியேறும். சூடு இருந்தும் காற்று போதாவிட்டால் கறுப்புப் புகையாக வரும், பாத்திரத்தில் கரியாக அப்பும். மிச்சமாகும் கங்கு எரியும்போது புகை அநேகமாக இருக்காது.

அதனால் ஒரு அடுப்பு விடும் புகையில் பெரும்பங்கு இரண்டே நேரத்தில் வருகிறது. பற்றவைத்த முதல் பத்து நிமிடம் ஒன்று. அடுப்பைக் கவனிக்காமல் விட்டு, சுடர் அணைந்து, கட்டை புகைந்துகொண்டு கிடக்கும் நேரம் இன்னொன்று. இந்த இரண்டையும் சரிசெய்தாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

விறகு

வெட்டிய புதிதில் விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். எரிக்கிற விறகில் அது 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தண்ணீரை ஆவியாக்கப் போகிற வெப்ப நஷ்டம் நாம் நினைக்கிற அளவு பெரிதில்லை. பாதி ஈரமுள்ள ஒரு கிலோ விறகில் அரை லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 1.3 மெகாஜூல் போகும், அந்த விறகு தரும் மொத்தச் சூட்டில் ஆறில், ஏழில் ஒரு பங்கு. உண்மையான கேடு வேறு. அந்த ஆவி சுடரின் சூட்டை இறக்கிவிடுகிறது. சூடு இறங்கினால் வாயு பற்றாது. வாயு பற்றாவிட்டால் முக்கால் விறகும் புகையாகப் போகும்.

டெல்டாவில் இதில்தான் இடிக்கிறது. விறகுக்கு அதிகம் தேவைப்படுகிற மாதம் மழை முடிந்த மாதம். கார்த்திகையில் வாடியிலிருந்து ஒரு வண்டி சவுக்கு வாங்கிக் கொல்லையில் கொட்டி, மார்கழியில் எரித்தால் புகையாமல் என்ன செய்யும்? விறகை மாசி, பங்குனியில் வாங்க வேண்டும். வாங்கியதும் பிளக்க வேண்டும். உருட்டுக் கட்டையாக அடுக்கினால் பட்டை ஈரத்தை வெளியே விடாது, வருஷம் ஆனாலும் நடுவில் ஈரம் நிற்கும். மணிக்கட்டுப் பருமனுக்கு, அதாவது ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்குப் பிளந்து, அடியில் இரண்டு வரிசை செங்கல் போட்டுத் தரையில் படாமல், குறுக்கும் நெடுக்குமாகக் காற்று போகிற மாதிரி அடுக்கினால் சித்திரை, வைகாசி வெயிலுக்கு இரண்டு மாதம் போதும். ஆவணி கடந்ததும் அடுக்கின் தலைக்கு மட்டும் தகரமோ தார்ப்பாயோ. நாலு பக்கமும் இழுத்துப் போர்த்திக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே வியர்த்து, பூஞ்சணம் பிடித்து, வெளியே கிடந்த விறகைவிட மோசமாகிவிடும்.

காய்ந்ததா என்று பார்க்க, இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது ணங்கென்று ஒலிக்கும், ஈரக்கட்டை பொத்தென்று அமுங்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விரிசல் ஓடியிருக்க வேண்டும், பட்டை தானாகக் கழன்று வர வேண்டும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? ஒரு துண்டில் குறி போட்டு வாரம் ஒருமுறை எடை போடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்கவில்லை என்றால் காய்ந்துவிட்டது. எரியும்போது கட்டையின் மறுமுனையில் நுரை கட்டிச் சீறினால் அது பச்சை விறகு. அதை வெளியே எடுத்து அடுத்த கோடைக்கு வைத்துவிடுங்கள்.

மழையில் நனைந்த காய்ந்த விறகும் பச்சை விறகும் ஒன்றில்லை. முன்னது மேலாக மட்டும் ஈரம், இரண்டு நாள் வெயில் காட்டினால் சரியாகும். பின்னதை நாலு நாள் வெயிலில் போட்டாலும் பயனில்லை.

எந்த மரம் என்று பார்த்தால் சவுக்கும் சீமைக்கருவேலும்தான் நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கிற நல்ல விறகு. இரண்டும் கனமான கட்டை, நின்று எரியும், கங்கு விழும். புளி, வேம்பு, பூவரசு காய்ந்திருந்தால் சரி. ஒதி பெருத்தாலும் உத்தரமாகாது என்பார்கள். விறகுக்கும் அது ஆகாது. முருங்கையும் அப்படித்தான். தென்னை மட்டையின் அடிப்பாகம் பஞ்சு மாதிரி தண்ணீர் பிடிக்கும், இரண்டாகப் பிளந்து காயவைக்காமல் எரிக்கக் கூடாது. கொட்டாங்கச்சி அருமையான எரிபொருள், ஆனால் ஒரே நேரத்தில் நாலைந்தைத் திணித்தால் வாயு பொங்கிக் கறுப்புப் புகை கக்கும், ஒவ்வொன்றாக உடைத்துப் போட வேண்டும். தேங்காய் மட்டை கனன்று புகைகிற சாதி, கொசு விரட்டவே அதைப் போடுகிறவர்கள் உண்டு, வெந்நீர் அடுப்புக்கு வேண்டாம். வரட்டியும் கனன்றுதான் எரியும். சூடு குறைவு, சாம்பல் அதிகம், புகை விறகைவிட அதிகம். வீட்டில் நாலைந்து மாடு இருந்தால் வரட்டி தட்டுவதைவிடச் சாண எரிவாயுக் கலன் வைப்பது எவ்வளவோ மேல். 2 கன மீட்டர் கலனுக்கு நாளுக்கு 50 கிலோ சாணம் வேண்டும், ஒரு குடும்பச் சமையலுக்கு அந்த வாயு போதும். நம் ஊர்க் குளிரில் வாயு உற்பத்தி பெரிதாக விழாது என்பது நமக்குச் சாதகம்.

பற்றவைப்பது, தள்ளுவது, அணைப்பது

பால் கவர், பிளாஸ்டிக் பை, சைக்கிள் டயர்த் துண்டு, பிய்ந்த செருப்பு. பற்றவைக்க இவை கைக்கு வருவது சகஜமாகிவிட்டது. இவற்றின் புகை விறகுப் புகையைவிட நச்சு, அதிலும் பிவிசி கலந்திருந்தால் டையாக்சின் வரை போகும். அந்தச் சாம்பலைக் கீரைப் பாத்திக்குப் போடுகிறவர்களும் உண்டு, அதுவும் ஆகாது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு, தெர்மாகோல், நைலான் சாக்கு எதுவும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. பன்னாடை, காய்ந்த பாளைக் கீற்று, சவுக்கு மிலாறு, பென்சில் பருமனுக்குச் சீவிய சுள்ளி, இவை போதும். இரண்டு கற்பூரம் வைத்தால் மண்ணெண்ணெய் தேவையே இல்லை.

அண்டா வெந்நீர் மாதிரி ஒரே தடவை விறகடுக்கி எரிக்கிற வேலைக்கு மேலிருந்து பற்றவையுங்கள். கனமான விறகு அடியில், ஒரு விரல் இடைவெளி விட்டு. அதற்குக் குறுக்கே விரல் பருமன் சுள்ளி. எல்லாவற்றுக்கும் மேலே பன்னாடை. நெருப்பை மேலே வைத்தால் அது கீழே இறங்கும்போது அடியிலிருந்து கிளம்புகிற வாயு சுடரைக் கடந்துதான் போக வேண்டும், போகிற வழியில் எரிந்துவிடும். வழக்கம்போல அடியில் செத்தையைக் கொளுத்தி மேலே கட்டையைப் போட்டால் மொத்தக் கட்டையும் ஒரே நேரத்தில் வெந்து புகையும், அதை எரிக்க மேலே சுடர் இருக்காது. மேலிருந்து பற்ற ஐந்து நிமிடம் கூட ஆகும். கட்டை ஈரமாக இருந்தால் கீழே இறங்காமல் அணைந்தும் போகும். அப்படி அணைந்தால் முறையைக் குறை சொல்லாமல் விறகைப் பாருங்கள்.

சமையல் அடுப்புக்கு இது ஒத்துவராது. அங்கே விறகின் நுனி மட்டும்தான் எரிய வேண்டும். இரண்டு மூன்று குச்சி, நுனிகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும், எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். அடுப்பு வாயை விறகால் அடைக்காதீர்கள், வாயில் பாதியாவது காற்றுக்கு. ஊதுகுழலை அடிக்கடி எடுக்க வேண்டியிருந்தால் அடியில் காற்று போகவில்லை என்று பொருள். 8 மில்லிமீட்டர் கம்பியை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வெல்டிங் செய்த ஒரு கிராதி, தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கி அடுப்புக்குள் வையுங்கள். வெல்டிங் பட்டறையில் அரை மணி வேலை. இருக்கிற மண் அடுப்பில் இதைவிட மலிவான சீர்திருத்தம் கிடையாது. ஆனால் தினமும் சாம்பலை அள்ள வேண்டும். சாம்பல் கிராதியை எட்டிவிட்டால் வைத்ததும் வைக்காததும் ஒன்று.

கொடியடுப்பு, அதாவது பக்கத்தில் சேர்ந்த இரண்டாவது கண், உள்ள அடுப்பாக இருந்தால் அதன்மேல் பாத்திரம் இல்லாதபோது ஒரு தட்டைப் போட்டு மூடிவிடுங்கள். திறந்து கிடந்தால் பாதி எரிந்த வாயு அந்த வழியாகத் தப்பிவிடும்.

வேலை முடிந்ததும் கொள்ளிக்கட்டையை வெளியே இழுத்துப் போட்டுவிடுவதுதான் அடுத்த தப்பு. அது அரை மணி நேரம் முற்றத்தில் கிடந்து புகையும். தண்ணீர் ஊற்றினால் நாளைக்கு அது ஈர விறகு, சூடான அடுப்பில் தெறித்தால் அடுப்பும் வெடிக்கும். மூடி உள்ள பழைய டின்னில் போட்டு இறுக்கி மூடிவிட்டால் காற்றில்லாமல் அணைந்து கரியாகிவிடும். அடுத்த முறை பற்றவைக்க அந்தக் கரி நல்லது. டின் ஆறுகிற வரை வெளியிலேயே இருக்கட்டும்.

வெந்நீருக்கு ஏன் இவ்வளவு விறகு?

20 லிட்டர் தண்ணீரை 24 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுவர 1.5 மெகாஜூல் போதும். ஒரு கிலோ காய்ந்த விறகில் 15 மெகாஜூல் இருக்கிறது. கணக்குப்படி 100 கிராம் விறகு! ஆனால் மூன்று கல் அடுப்பில் எட்டில் ஒரு பங்குச் சூடுகூடத் தண்ணீருக்குப் போவதில்லை, அதனால் முக்கால் கிலோவுக்கு மேல் ஆகிறது. அண்டாவைத் திறந்து வைத்துக் கொதிக்கவிட்டு, அப்புறம் பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றுவது இதில் பெரிய விரயம். மூடி போடுங்கள், கை பொறுக்கிற சூட்டைத் தாண்டிச் சற்று வந்ததும் இறக்குங்கள். வெளிப்புறக் கரியை வாரம் ஒருமுறை சுரண்டுங்கள். நடுவில் குழாய் ஓடும் பழைய செப்புப் பாய்லர் பரணில் கிடந்தால் இறக்கி, கசிவு பார்த்துப் பயன்படுத்துங்கள். நெருப்பைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால் அது அண்டாவைவிட எவ்வளவோ சிக்கனம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், காலை வெந்நீருக்கு விறகே வேண்டாம். அதே 20 லிட்டருக்கு மின்சாரம் 0.42 யூனிட், அதாவது 1,000 வாட் ஹீட்டர் ராடில் 25 நிமிடம். நாளுக்கு ஒரு வாளி என்றால் இரண்டு மாதத்துக்கு 25 யூனிட்தான், தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். (ராடு போட்டால் எர்த் உள்ள பிளக், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை. இதில் சமரசம் கிடையாது.) கேஸில் 55 கிராம், ஒரு 14.2 கிலோ சிலிண்டரில் 250 வாளிக்கு மேல். சோலார் ஹீட்டர் வைக்க முடிந்தால் தை, மாசியில் வெயில் தாராளம், முதல் நாள் பகலில் சூடான தண்ணீர் விடியற்காலைக்கு அப்படியே இருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு, கடினத்தன்மை என்றால் குழாயில் காரை படியும். அங்கே வெப்பப் பரிமாற்றி உள்ள மாடலாக வாங்க வேண்டும், விலை கூட.

எல்லாரும் மாற மாட்டார்கள். தெருவில் பாதிப் பேர் ஐந்து மணி வெந்நீரை மட்டும் விறகிலிருந்து மாற்றினாலே, மேலே போட்ட 300 கணக்கு 150 ஆகிவிடும்.

19 செங்கல் அடுப்பு

விறகு தொடர்ந்து எரிக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு, ராக்கெட் அடுப்பு என்று சொல்லப்படுகிற முறை. நெருப்பு ஒரு குறுகலான நிமிர்ந்த குழலுக்குள் எரியும். குழல் சூடேறி இழுப்பு உண்டாகி, வாயு பாத்திரத்தை எட்டுவதற்குள் எரிந்து தீரும்.

9 அங்குலம், நாலரை அங்குலம், 3 அங்குலம் அளவுள்ள நாட்டுச் செங்கல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செங்கலின் தலை அடுத்ததன் பக்கவாட்டில் முட்டுகிற மாதிரி நாலைச் சுழற்சியாக வைத்தால் நடுவில் நாலரை அங்குலச் சதுரக் குழி தானாக விழும். கீழ் இரண்டு வரிசையில் முன்பக்கச் செங்கலுக்குப் பதில் அரைச் செங்கல் வைத்தால் நாலரைக்கு ஆறு அங்குலத்தில் வாய் கிடைக்கும். வாய்க்கு மேலே ஒரு அடி நீளத்தில் இரண்டு 12 மில்லிமீட்டர் கம்பி வைத்து, அதன்மேல் முழுச் செங்கலாக மூன்று வரிசை. ஆக மொத்தம் ஐந்து வரிசை, 19 செங்கல், பதினைந்து அங்குலத்துக்குச் சற்று மேல் உயரம். இதைக் குறைக்காதீர்கள். குழியின் அகலத்தைப் போல மூன்று மடங்காவது உயரம் இருந்தால்தான் இழுப்பு வரும். பாத்திரம் உயரமாக இருக்கிறதே என்று இரண்டு வரிசையைக் கழற்றினால் அது சாதாரண அடுப்புதான்.

வாய்க்குள் தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் ஒரு தகடு. விறகு தகட்டின் மேல், காற்று தகட்டின் கீழ். கீழ்ப்பாதையில் விறகு வைக்கவே கூடாது.

பூச்சுக்குச் சிமென்ட் வேண்டாம், சூட்டில் விரிசல் விடும். நம் வயல் களிமண் தனியாகப் போட்டால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும், மணல் கலக்க வேண்டும். எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் மாறும். எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடித்து நிழலில் காயவையுங்கள். வெடித்தால் மணல் போதாது, உதிர்ந்தால் களி போதாது. குழிக்குள் பூசுகிற மண்ணில் உமி கலந்தால் உமி எரிந்து நுண்துளைகள் விழும், சூடு செங்கலுக்குள் ஓடாமல் அது தடுக்கும். வெளியே ஒரு சுற்றுச் சுவர் எழுப்பி இடையில் உமிச்சாம்பல் நிரப்பினால் இன்னும் நல்லது. ரைஸ்மில்லில் கிடைக்கும் சாம்பலே போதும். பத்துப் பதினைந்து நாள் நிழலில் ஆறவிட்டு, முதல் மூன்று நாள் சுள்ளி நெருப்பு மட்டும் மூட்டுங்கள். மழை மாதத்தில் கட்ட வேண்டாம்.

பாத்திரத்துக்கும் குழி விளிம்புக்கும் இடையே ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்கட்டும். நாலரை அங்குலக் குழிக்கு அதுதான் அளவு: அகலத்தில் கால் பங்கு. இதற்குக் குறைந்தால் புகை வாய் வழியாகத் திரும்பி முகத்தில் அடிக்கும், கூடினால் சூடு பக்கவாட்டில் ஓடும். பாத்திரத்தைச் சுற்றி அரை அங்குல இடைவெளியில் ஐந்தாறு அங்குல உயரத் தகர வளையம் வைத்தால் விறகு இன்னும் குறையும்.

இதன் குறை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செங்கல் முதலில் தானே சூடேறும், அதனால் பத்து நிமிட வேலைக்கு இது லாயக்கில்லை. காபிக்குக் கேஸ், அண்டாவுக்கு இது.

புகைபோக்கி வைக்கத்தான் வேண்டும் என்றால்

அடுப்படிக்காக வையுங்கள். குறைந்தது 4 அங்குலக் குழாய், முகட்டுக்கு மேலே 3 அடி, திருப்பம் இல்லாமல் நேராக. பிவிசி குழாய் உருகும். ஆஸ்பெஸ்டாஸ் குழாயை அறுக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு. துத்தநாகம் பூசிய தகரம் அடுப்பை ஒட்டிய முதல் இரண்டு அடிக்கு ஆகாது, அங்கே வெறும் இரும்போ சுட்ட மண் குழாயோ வேண்டும். கீற்றுக் கொட்டகை என்றால் குழாயைச் சுற்றி ஒரு அடிக்குக் கீற்றை எடுத்துவிட்டுத் தகடு அடிக்க வேண்டும். புயல் பூமி என்பதால் மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டுவதும் அவசியம். 2018 நவம்பர் கஜாவில் தென்னையே நிற்கவில்லை.

மாதம் ஒருமுறை உள்ளே படியும் கரியை இறக்க வேண்டும். 1983-ல் தொடங்கி 2002 வரை நடந்த மத்திய அரசின் புகையில்லா அடுப்புத் திட்டத்தில் கட்டிக் கொடுத்த அடுப்புகள் ஏராளமாகக் கைவிடப்பட்டன. பராமரிப்பு இல்லாமல் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம். குழாய் அடைத்ததும் புகை உள்ளே திரும்பும். திரும்பினால் ஜனங்கள் அடுப்பை இடித்துவிடுவார்கள்.

குழாயின் தலையைப் பார்த்தே அடுப்பின் யோக்கியதை தெரியும். பற்றவைத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வெளியே போய்ப் பாருங்கள். பனிக் காலையில் நல்ல அடுப்பிலும் வெள்ளையாக ஆவி வரும், ஆனால் நாலைந்து அடியில் கரைந்து காணாமல் போகும். நீலம் கலந்த இழை மாதிரி தென்னங்கீற்று வரை போய் அங்கேயே தொங்கினால் அது புகை. உள்ளே விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை.

நெல் அவிப்பதும் மாட்டு மூட்டமும்

அவித்த நெல் அன்றைக்கே காய வேண்டும் என்பதால்தான் விடியற்காலையில் அவிக்கிறார்கள், அந்த அவசரம் புரிகிறது. ஆனால் எட்டரைக்குத் தொடங்கிச் சின்னச் சின்னக் கொப்பரையாக இறக்கிக் களத்தில் மெலிதாகப் பரப்பினால் தை மாத வெயிலுக்குச் சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் உலரும். மீதியை மறுநாள் பரப்பலாம். பெரிய அளவு என்றால் மில்லுக்கே கொடுத்துவிடுவது நல்லது.

மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்குப் போடுகிற மூட்டத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஈர வைக்கோலும் வேப்பிலையும் போட்டுப் புகைய வேண்டும் என்றே மூட்டுகிற நெருப்பு அது, அதுவும் காற்று அமுங்கத் தொடங்குகிற ஆறு மணிக்கு. ஒரு கொட்டகை மூட்டம் சில வீட்டு அடுப்புக்குச் சமமாகப் புகையும். மாட்டின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும்கூட அது நல்லதில்லை. கொட்டகை முழுக்கக் கொசுவலை கட்டுவதும், ஒரு மின்விசிறியும், கோமியம் தேங்காமல் வாட்டம் விட்டுத் தரை போடுவதும் மூட்டத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

போகி ஒருநாள் விஷயம், ஆனால் அந்த விடியலில் டயர் எரிந்தால் வருஷத்திலேயே மோசமான காலை அதுதான். மாசு கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய பாயும் துடைப்பமும் போதும் என்று தெருவில் நாலு பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு

தெரு மாறுகிற வரைக்கும் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை தெருப்பக்கக் கதவையும் ஜன்னலையும் சாத்தி வையுங்கள், ஒன்பதுக்கு மேல் நன்றாகத் திறந்துவிடுங்கள். நம் பழக்கம் இதற்கு நேர் எதிர்: விடிந்ததும் திறப்போம், வெயில் ஏறியதும் சாத்துவோம். கோலம் போடுவதும் கோயிலுக்குப் போவதும் அந்த நேரத்தில் தவிர்க்க முடியாது என்றால் என்95 முகக்கவசம் வேண்டும். துணியை மூக்கில் கட்டினால் இந்தத் துகள் நிற்காது. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை மூச்சு முட்டும்போது மட்டும் எடுக்க வேண்டுமா, மார்கழி முழுக்கத் தினமும் எடுக்க வேண்டுமா என்று கார்த்திகையிலேயே கேட்டு வைத்துவிடுங்கள்.

குளிருக்கு என்று அவர் படுக்கிற அறையில் தணல் சட்டி வைக்கிற வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். வீட்டில் பச்சைக் குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவதற்கும் இது பொருந்தும். தணலில் புகை தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையும் கிடையாது. மூடிய அறையில் தலைவலி, வாந்தி, மயக்கம் என்று தொடங்கி உயிரையே எடுத்துவிடும். குழந்தையின் தலை காய வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் இல்லாத நாளில் கதவு திறந்த தாழ்வாரத்தில் சாம்பிராணி காட்டி, தணலை உடனே வெளியே எடுத்துப்போய் மூடி உள்ள டின்னில் கொட்டிவிடுங்கள்.